ஆந்தை வயிற்றில் சிக்குக் கோலம்

பிரிட்டனுக்குக் குடிவந்த ஓவியர்களிடம் முதல் ஒன்றிரண்டு வருடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இங்கே இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள்?" அதைக் கேட்காமலே உள்ளே விடுகிற ஒரு வாசல் இருக்கிறது. கோடையில் ஆளுயர ஆந்தை, கரடி, தேனீ என்று வண்ணம் தீட்டிய சிலைகளை ஊர் முழுக்க நிறுத்துகிறார்களே, அந்தச் சிலைப் பாதைதான். அங்கே தேர்வாவது உங்கள் வரைபடம். ஊரில் கோலம் போட்ட கைக்கும், சுவர் விளம்பரம் எழுதிய கைக்கும், கோயில் சுதைக்கு வண்ணமடித்த கைக்கும் இது பொருத்தமான வேலை. ஆனால் ஊர்ப் பழக்கம் இரண்டு இடங்களில் காலை வாரும்: ஒன்று வளைந்த உடம்பு, இன்னொன்று ஈரக் குளிர்.

1998-ல் சூரிச்சில் பசுச் சிலைகளோடு பரவத் தொடங்கிய வழக்கம் இது. 2008-ல் லிவர்பூலில் 125 சூப்பர்லாம்பனானாக்கள் (பாதி ஆட்டுக்குட்டி, பாதி வாழைப்பழ உருவம்) நின்றன. 2013-ல் பிரிஸ்டலில் 80 குரோமிட் நாய்கள் (வாலஸ்-குரோமிட் அனிமேஷன் படங்களில் வரும் நாய்). கடைசியில் நடந்த ஏலத்தில் குழந்தைகள் மருத்துவமனைக்காக 23 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. 2015-ல் பர்மிங்ஹாமில் 89 ஆந்தைகள். சிலை, ஸ்பான்சர், எட்டுப் பத்து வாரக் கண்காட்சி, பிறகு அறப்பணிக்கு ஏலம் என்பதே இன்றும் நடைமுறை.

ஓவியர்களுக்கான அழைப்பு பெரும்பாலும் முந்தைய இலையுதிர் காலத்திலேயே வந்துவிடும். சிலையின் முன், பின், பக்கத் தோற்றங்கள் கோட்டோவியமாக அச்சிட்ட ஒரு தாள் தருவார்கள். அதில் வரைந்து, தலைப்பும் நாலைந்து வரி விளக்கமும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒருவரே இரண்டு மூன்று வரைபடம் அனுப்பப் பொதுவாகத் தடையில்லை, அனுப்புங்கள். அவற்றைப் புரட்டித் தேர்ந்தெடுப்பது ஸ்பான்சர் நிறுவனத்தின் ஆட்கள். ஒவ்வொரு தாளிலும் அவர்கள் பார்வை சில நொடிதான் நிற்கும். மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் உங்கள் தாளில் என்ன தெரிகிறதோ அதுதான் உங்கள் வரைபடம். கோலம் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. "தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் விடியற்காலையில் வாசலில் அரிசி மாவால் இடுவது, எறும்புக்கும் குருவிக்கும் உணவு" என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். சாமி உருவம், கட்சிக் கொடி, கிரிக்கெட் அணிச் சின்னம், கார்ட்டூன் பாத்திரம் இவற்றைச் சேர்த்தால் தாள் ஓரமாகப் போய்விடும். தமிழ் எழுத்து சேர்த்தால் பொருளை எழுதிக் கொடுங்கள். கணினியில் அமைத்திருந்தால் 'கொ', 'கை' ஆகியவற்றின் கொம்பு இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்து, எழுத்தைக் கோட்டுருவாக (outline) மாற்றிய பின்பே அனுப்புங்கள். தவறான தமிழ் இரண்டு மாதம் தெருவில் நிற்கக் கூடாது.

பணம், விசா விஷயம் சுருக்கமாக. ஓவியருக்கான தொகையிலேயே பெயின்ட் செலவும் அடங்கிவிடுவது வழக்கம், ஒப்பந்தத்தில் அதைத் தேடிப் படியுங்கள். இது சுயதொழில் வருமானம். மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. தஞ்சம் கோரிக் காத்திருப்பவர்களும் இதைக் கூலிக்குச் செய்ய முடியாது. அவர்களுக்கு வேறு வழி உண்டு. பள்ளிகளுக்கும் சமூகக் குழுக்களுக்கும் சிறிய சிலைகள் தருகிறார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஒன்று பதிந்துகொண்டால் அதில் தொண்டராக வரையலாம். ஒரு வரி ஆண்டில் சுயதொழில் வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறையில் பதிய வேண்டும். அந்த ஆண்டு முடிந்து வரும் அக்டோபர் 5 கடைசி நாள். உங்கள் வேலையால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடும் (public liability) கேட்பார்கள்.

இனி சிலை. ஃபைபர் கிளாஸ் உடம்பு, மேலே பிரைமர் அடித்தே வரும். 320 எண் உப்புத்தாளை ஈரமாக்கி மெல்லத் தேய்த்து, துடைத்து, காயவிடுங்கள். வெறுங்கை பட்ட இடத்தில் எண்ணெய்ப் பசை நிற்கும், பெயின்ட் அங்கே பிடிக்காமல் குட்டிக் குட்டிக் குழியாக விலகும். பிரைமர் போய் ஃபைபர் கிளாஸ் தெரியும்படி அழுத்தித் தேய்க்காதீர்கள்.

எனாமல் வேண்டாம். ஊரில் சுதைக்கும் லாரிக்கும் அடித்துப் பழகியவர்களுக்கு இதை விடுவது கஷ்டம்தான். ஆனால் கடைசியில் இந்தச் சிலைகள் பலவற்றுக்குக் காருக்கு அடிக்கும் இரட்டைக் கலவை லாக்கர் தெளிக்கிறார்கள். அதன் கரைப்பான் அடியில் இருக்கும் எனாமலைச் சுருக்கி, பாலாடை மாதிரி எழுப்பிவிடும். தரமான அக்ரிலிக் மட்டும் வாங்குங்கள். ஆளுயரச் சிலைக்கு அடிநிறம் இரண்டு பூச்சுக்கு ஒரு லிட்டர் போதும். டியூபில் வெளிச்சம் தாங்கும் தரம் 1 அல்லது 2 என்று அச்சிட்டிருக்க வேண்டும். பளீர் ஃப்ளோரசன்ட் நிறங்கள் சில வாரத்திலேயே வெளுத்துவிடும். காவி நிறத்துக்கு நிகரில்லை. இரும்பு ஆக்சைடுதான் காவி. வெயிலுக்கு அசையாத நிறமிகளில் அது முதல் வரிசை. செம்மண் பட்டையும் வெள்ளைக் கோடும் எந்த வெயிலையும் தாங்கும்.

இப்போது புள்ளி. வாசல் தட்டை, ஆந்தை தட்டையில்லை. வயிற்றுச் சுற்றளவு 3 மீட்டர் என்று வையுங்கள். 5 செ.மீ. இடைவெளியில் 60 புள்ளி வரும். கழுத்தில் சுற்றளவு 2 மீட்டராகக் குறைந்தால் அதே 60 புள்ளி 3.3 செ.மீ. இடைவெளிக்கு நெருங்கும், கோடு ஒன்றோடொன்று ஒட்டும். 20 புள்ளியைக் குறைத்தால் சிக்கு அறுந்துவிடும். சுற்றிவந்த இழை தொடங்கிய இடத்தில் சேராது. முழு உடம்புக்கும் ஒரே கோலம் என்ற ஆசையை விட்டுவிடுவதே நல்லது. தூக்குக் குண்டு பிடித்து நடுக்கோடு போடுங்கள். உடம்பைக் குறுக்குப் பட்டைகளாகப் பிரித்து, இடையில் 6 செ.மீ. அகலத்துக்குப் புடவைக் கரை மாதிரி முழு நிறம் அடியுங்கள். ஒவ்வொரு பட்டைக்கும் தனிப் புள்ளிக் கணக்கு. எண்ணிக்கை மாறுவதைக் கரை மறைத்துவிடும். மார்பிலும் இறக்கையிலும் 7-லிருந்து 4 வரை ஊடுபுள்ளிக் கோலங்களை 30 செ.மீ.க்குள் தனித்தனியாக வையுங்கள். அந்த அளவுக்குள் வளைவு தொந்தரவு செய்யாது. அளக்கத் தையல்காரர் டேப்தான் சரி, இரும்பு டேப் வளைவில் எழும்பும். குறிக்க நீரில் கரையும் பென்சில். சாதாரணப் பென்சில் கோடு வெள்ளைக்கு அடியில் சாம்பலாகத் தெரியும்.

கோடு 6 முதல் 8 மி.மீ. அகலம். அதைவிட மெல்லியது தெருவில் காணாமல் போகும். போஸ்கா என்கிற பெயின்ட் பேனாவால் இழுத்தால் கை நடுங்காது, ஆனால் அதன் மை நீர் சார்ந்தது. வார்னிஷைத் தூரிகையால் பூசினால் கோடு கலங்கி, காவியோடு சேர்ந்து இளஞ்சிவப்பாக இழுபடும். முதலில் ஸ்ப்ரே வார்னிஷை 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, மூன்று மெல்லிய தூவலாக, ஒவ்வொன்றையும் காயவிட்டு அடியுங்கள். கரைக்கு ஒட்டிய மாஸ்கிங் டேப்பைப் பெயின்ட் முழுக்கக் காயும் முன்பே, சாய்வாக மடித்து உரியுங்கள். மறுநாள் உரித்தால் பெயின்டும் சேர்ந்து வரும்.

வரையும் இடம் பெரும்பாலும் காலியான கடையோ கிடங்கோதான். பிப்ரவரியில் உள்ளே மூச்சு விட்டால் ஆவி தெரியும். 10 டிகிரிக்குக் கீழே அக்ரிலிக் படலமாகச் சேராது. காய்ந்த மாதிரி இருக்கும், விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். ஹீட்டர் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஈரம் உள்ளே இருக்கும்போதே வார்னிஷ் பூசினால் மேலே பால் மாதிரி வெள்ளை பூக்கும், அது போகாது. கடைசிப் பெயின்ட் பூச்சுக்குப் பின், வார்னிஷுக்கு முன், நல்ல சூட்டில் இரண்டு மூன்று நாளும், குளிரில் ஒரு வாரமும் விடுங்கள். படகு வார்னிஷ் வெள்ளையை மஞ்சளாக்கும். இரட்டைக் கலவை லாக்கரை நீங்களே தெளிக்க முயலாதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், அதற்கான சுவாசக் கவசத்தோடு தொழில்காரர் செய்ய வேண்டியது.

அடிவயிறு, வாலின் கீழ்ப்பக்கம், காது மடல் இவற்றை விட்டுவிடாதீர்கள். குழந்தையின் கண் ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கண்ணாடி, மணி எதையும் ஒட்டாதீர்கள். முதல் வாரத்திலேயே நோண்டி எடுத்துவிடுவார்கள். ஏலத்துக்குப் பின் சிலை யார் வீட்டுத் தோட்டத்துக்குப் போகும் என்று சொல்ல முடியாது. லாரி வரும் முன்பே நாலு பக்கமும் படமெடுத்து வையுங்கள், அடுத்த விண்ணப்பத்தில் "இங்கே என்ன செய்தீர்கள்" என்ற கட்டத்துக்கு அது வேண்டும். கூடவே, நீங்கள் கலந்த நிறம் ஒவ்வொன்றிலும் 50 மி.லி. எடுத்து, மூடி இறுக்கி, பெயரெழுதி அமைப்பாளரிடம் கொடுங்கள். ஆகஸ்டில் யாரோ சைக்கிளைச் சாய்த்துக் கீறிய இடத்தைத் தொட்டுச் சரிசெய்ய அந்தக் காவிதான் வேண்டும், கடையில் வாங்கினால் அதே நிறம் கிடைக்காது.