பாஸ்போர்ட்டில் முகவரி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்

நடந்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை. ஜெர்மன் எக்ஸ்பிரஷனிச (உள்ளத்து உணர்ச்சியை மிகைப்படுத்திக் காட்டிய கலை, இலக்கிய இயக்கம்) காலத்துச் சிறுபத்திரிகைகள் பற்றி ஆய்வு செய்கிறேன். 'டேர் ஷ்டுர்ம்' (1910), 'டீ அக்ட்சியோன்' (1911) போன்ற இதழ்களை வீட்டிலிருந்தே இணையத்தில் படித்துவிடலாம். கடிதங்களுக்குத்தான் காப்பகம் போயாக வேண்டும்.

மூன்றரை மணி நேர ரயில் பயணம். முன்பதிவு, பேராசிரியர் கடிதம் எல்லாம் கையில். முகப்பில் இருந்த அம்மா பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "இதில் உங்கள் முகவரி இல்லையே" என்றார். ஜெர்மன்காரர்களின் அடையாள அட்டையில் முகவரி இருக்கும். என் வசிப்பு அனுமதி அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. அப்படியென்றால் மெல்டெபெஷைனிகுங், அதாவது குடியிருப்புப் பதிவுச் சான்று வேண்டுமாம். போனில் இருந்த ஸ்கேனைக் காட்டினேன். தாளில்தான் வேண்டும் என்றார். அச்செடுத்துத் தரச் சொன்னதற்கும் மறுப்பு. அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அடுத்த ரயிலில் திரும்பினேன். அந்தச் சான்றின் அசலைப் பையிலேயே வைத்திருங்கள்.

இரண்டாவது முறை பத்து நிமிடத்தில் உள்ளே விட்டார்கள்.

அப்புறம் கையெழுத்து. அந்தக் காலக் கடிதங்களைப் படிக்க, சூட்டர்லின் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து முறையை ஒரு மாதம் பழகியிருந்தேன். ஆனால் அது பிரஷ்யப் பள்ளிகளுக்கு வந்ததே 1915-இல்தான். அதற்கு முன் எழுதப் படித்தவர்கள் அதைவிடப் பழைய, சாய்வான குரெண்ட் என்ற கையெழுத்து முறையில் எழுதினார்கள். அதில் e பார்க்க n மாதிரியே இருக்கும். u-வை அதன் தலைமேல் உள்ள சின்ன வளைவை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். நீங்கள் பழகுவதானால் குரெண்ட்டிலிருந்தே தொடங்குங்கள். எனக்குக் கைகொடுத்தவை ஊர்ப்பெயர்களும் ஆள் பெயர்களும்தான். அவற்றைப் பலரும் லத்தீன் எழுத்தில், அதாவது இன்று நாம் ஆங்கிலத்துக்குப் பயன்படுத்தும் எழுத்தில், எழுதியிருப்பார்கள். அதில் தெரியும் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு அக்கம்பக்கம் நகரலாம்.

மூன்றாம் நாள் ஓர் உறை வந்தது. 1923 நவம்பர். தபால்தலை மட்டும் ஆயிரம் கோடி மார்க்! பணவீக்கத்தில் ஜெர்மன் மார்க் மதிப்பிழந்துகொண்டிருந்த நேரம் அது; அந்த மாதக் கடைசியில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். உள்ளே ஒரு கவிஞர் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிய பழுப்பேறிய தாள், ஓரம் தொட்டாலே உதிர்கிறது. பூதக்கண்ணாடியோடு நாற்பது நிமிடம் உட்கார்ந்து, யார் உதவியும் இல்லாமல் முதல் வரியை முழுசாகப் படித்தேன்: "சன்மானத்தைப் பணமாக அனுப்பாதீர்கள், வந்து சேர்வதற்குள் ஒன்றுக்கும் ஆகாது."