ஏழரை மணிப் பலூன்

இன்று காலை அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் வானத்தைப் பார்த்து நின்றேன். பினாங்கின் பாயான் லெப்பாஸ் வானிலை நிலையத்தின் பலூன் ஏறும் நேரம் அது.

வெள்ளைப் பலூன், அடியில் நூலில் ஆடும் சின்னக் கருவி. வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் அளந்து அனுப்பிக்கொண்டே 20 கிலோமீட்டருக்கு மேல் ஏறும். மேலே காற்று மெலிய மெலிய உப்பி, வெடித்துவிடும். பாவம்.

உலகம் முழுவதும் லண்டன் கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு, நண்பகல் கணக்கில்தான் இதைப் பறக்கவிடுகிறார்கள். அந்த நள்ளிரவு நமக்குக் காலை எட்டு. 1982க்கு முன் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி பின்தங்கி ஓடியதால், அந்தக் கணக்கு அப்போது ஏழரை!

“காலங்காத்தாலே ஏழரையா?” என்று அம்மா முகம் சுளித்தார்.

மலாயா வானிலைச் சேவை 1929இல் தொடங்கியது, 1965இல் சிங்கப்பூர் தனியானது, பிறகு துறையின் பெயரே மெட்மலேசியா ஆனது என்றெல்லாம் அடுக்கினேன். அம்மாவுக்கு இன்றும் அது பழைய மலாய்ப் பெயரான ‘காஜி சுவாச்சா’தான்.

பேச்சை முடிப்பதற்குள் அவர் மலை முகட்டை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். மேகம் இறங்கியிருந்தது. பாதி காயப்போட்ட துணியை வாளியில் அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.