அரை அடி பின்னால்

ஆகஸ்ட் மழையில் பெங்களூரு நடைபாதைக் கல் ஒன்று என் காலை வாரிவிட்டது. கணுக்கால் சுளுக்கு, பத்து நாள் காலை அழுத்தி ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். சாஃப்ட்வேர் ரிலீஸ் வாரம் என்பதால் லீவு போட வழியில்லை. மாலை நாலு மணிக்கு எல்லோரும் டீக்கு இறங்கும்போது நானும் நொண்டிக்கொண்டே போய்விடுவேன். பெல்லந்தூரில் எங்கள் ஆபீசுக்கு எதிரே ஓர் அய்யங்கார் பேக்கரி. கடைக்காரர் பாவம் பார்த்து எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

நாலு வருடமாக அதே இடத்தில் நின்றுதான் டீ குடித்திருக்கிறேன். உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. ஸ்டூலில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே முகங்கள் வருவதில்லை. முழங்கால்களும் ஷூக்களும்தான்.

எங்கள் டெஸ்டிங் குழுவில் ஆறு பேர். என்னையும் சேர்த்து ஐந்து பேர் தமிழ் ஆட்கள். ஆறாவது ஆள் வட கர்நாடகத்தில் தார்வாட் பக்கத்திலிருந்து வந்த பையன், சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அன்று நான் பார்த்தது இதுதான். நாலு ஜோடி ஷூக்கள் வட்டமாக, நடுவில் கணப்பு எரிவதுபோல நுனிகளை உள்ளே நீட்டிக்கொண்டு நின்றன. ஐந்தாவது ஜோடி, நீலப் பட்டை போட்ட கேன்வாஸ் ஷூ, இரண்டு பேருடைய தோள்களுக்கு இடையே அரை அடி பின்னால் நின்றது. கையில் காரா பன்னோடு அவன் ஏதோ சொன்னான். இரண்டு முகங்கள் அவன் பக்கம் திரும்பின, சிரித்தன, பதில் சொன்னன. ஷூக்கள் அசையவில்லை. பதில் முடிந்ததும் முகங்கள் பழையபடி வட்டத்துக்குள் போய்விட்டன.

யாரும் அவனை அவமதிக்கவில்லை. கேட்டால் அந்த நாலு பேருமே சத்தியம் செய்வார்கள்.

எனக்கு டீ தொண்டையில் இறங்காததற்கு வேறு காரணம் இருந்தது. முந்தின நாள்தான் அவனுடைய அரையாண்டு அப்ரைசலில், ‘வேலையில் குறையில்லை, குழுவோடு கலந்து பழகுவதில்லை’ என்று எழுதி சேமித்து வைத்திருந்தேன்.

ஆப்பை ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து வடிவமைக்கும் எங்கள் யூஎக்ஸ் டீமில் ஒரு தோழி உண்டு. மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள், எப்படி உட்காருகிறார்கள் என்பதையெல்லாம் படிப்பாகவே படித்தவள். அவளிடம் சொன்னேன். “இதுக்குப் பேரே இருக்கு” என்றாள். ஆடம் கெண்டன் என்ற ஆய்வாளர் வைத்த பெயர் எஃப் ஃபார்மேஷன். இரண்டு மூன்று பேர் நின்று பேச ஆரம்பித்தால், நடுவில் தானாகவே ஒரு வெற்றிடம் உருவாகிறது. அது அவர்களுக்குப் பொது. வெளியாள் யாரும் அதற்குள் காலை வைக்கமாட்டார். அதைச் சுற்றி உடல்கள் நிற்கும் வளையம். அந்த உடல்களுக்குப் பின்னால் இன்னொரு வெளி, புதிதாக வருபவர் காத்திருக்கும் வாசல் மாதிரி. உள்ளே இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டால்தான் அவர் வளையத்துக்குள் வரமுடியும். ஒருவருடைய கவனத்தின் திசையை இடுப்புக்குக் கீழே பார், தலை எந்தப் பக்கமும் திரும்பும் என்பது கெண்டன் சொன்னதன் சாரம். எங்கள் பையன் ஏழு மாதமாக வாசலிலேயே நின்றிருக்கிறான்.

இதற்கு முன்னோடி எட்வர்ட் ஹால். 1960களில் அமெரிக்கர்களைப் பார்த்து, நெருக்கமானவர்களுக்கு 45 சென்டிமீட்டர் வரை, நண்பர்களுக்கு 1.2 மீட்டர் வரை, அலுவல் பேச்சுக்கு 3.6 மீட்டர் வரை என்று தூரங்களைப் பிரித்தார். எல்லா ஊருக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் காலை ஒன்பது மணிக்கு 500டி பஸ்ஸில் ஏறியிருந்தால் அந்த 45 சென்டிமீட்டரைக் கையோடு அழித்திருப்பார். முன்பின் தெரியாத ஆளின் மூச்சு கழுத்தில் படும்; ஆனாலும் எல்லோரும் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வோம். தமிழில் ‘முகம் கொடுத்துப் பேசு’ என்கிறோம். பேக்கரி வாசலில் நாங்கள் அவனுக்கு முகம் கொடுத்தோம், சரி. அதற்கு மேல் ஒன்றும் கொடுக்கவில்லை.

எங்கள் வட்டத்தை மூடியதில் தமிழுக்கும் பங்கு உண்டு. வெளியூரில் தமிழ்ப் பேச்சு கேட்டால் கால் தானாக அந்தப் பக்கம் போகும். மடிவாளாவில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஊர் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்த்தால் தெரியும், பத்து நிமிடத்தில் மாமன் மச்சான் ஆகிவிடுவார்கள். அதெல்லாம் சுகம்தான். ஆனால் வெளியூர்க்காரர்களாக வந்த நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, இந்த மாநிலத்துப் பையனை அவன் மாநிலத்துத் தெருவிலேயே ஓரமாக நிற்க வைத்திருந்தோம்.

கால் சரியாகி மறுபடி வட்டத்தில் நின்ற முதல் நாள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அவன் வருவது தெரிந்ததும் இடது காலைப் பின்னுக்கு எடுத்துக் கொஞ்சம் சாய்ந்து நின்றேன். அவன் உள்ளே வரவில்லை! ஏழு மாதப் பழக்கம், வழக்கம்போலப் பின்னால் போய் நின்றான். இரண்டாம் நாளும் அப்படியே. சொல்லியும் விடலாம்தான். ஆனால் “ஏன்ப்பா ஓரமா நிக்கற, உள்ள வா” என்று எல்லார் முன்னாலும் கூப்பிட்டால் அது வேறு மாதிரி ஒதுக்கல்.

மூன்றாம் நாள் எங்கள் மதுரைக்காரன், அவனுக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை, டீ கிளாஸ் சுட்டதால் அதை வைக்க இடம் தேடித் திரும்பினான். வட்டத்தில் பெரிய இடைவெளி விழுந்தது. எதிரே நின்ற பையனைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஒரே கன்னடத்தை எடுத்து விட்டான். “ஊட்டா ஆய்தா?” மாலை நாலரை மணிக்கு, ‘சாப்பாடு ஆச்சா?’ பையன் விழுந்து விழுந்து சிரித்தான். இந்த நேரத்துக்கு எப்படிக் கேட்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். ஆளாளுக்குத் தப்பாகச் சொல்ல, அவன் திருத்தத் திருத்த, நான் குனிந்து பார்த்தேன். நீலப் பட்டை ஷூ வரிசைக்கு வந்திருந்தது. அதற்காக மறுநாளிலிருந்து அவன் வாயாடி ஆகிவிடவில்லை. இன்றும் எங்களில் குறைவாகப் பேசுகிறவன் அவன்தான்.

அன்று சாயங்காலம் அப்ரைசல் பக்கத்தைத் திறந்து அந்த வரியை அழித்தேன். பெட்டியைக் காலியாக விட்டால் சமர்ப்பிக்க விடமாட்டேன் என்றது சிஸ்டம். குறைந்தது 50 எழுத்துகளாவது வேண்டுமாம். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம், கடந்த ரிலீசில் மற்ற ஐந்து பேரும் கவனிக்காமல் விட்ட லாகின் கோளாறை அவன் கண்டுபிடித்ததை எழுதினேன். அந்த ஐந்தில் நானும் ஒருவன்.