மில்டன் கீன்ஸில் வாங்கின அடி

தோற்ற அணிக்கு எழும்பி நின்று கைதட்டுகிற சனத்தை நான் முதன்முதலாகக் கண்டது மில்டன் கீன்ஸில்தான். 2012 டிசம்பர் 2, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கால்பந்துக் கிண்ணத்தின் இரண்டாம் சுற்று. எங்கள் லண்டன் கழகம் ஏ.எஃப்.சி. விம்பிள்டன், அந்த ஊர் எம்.கே. டொன்ஸிடம் 2-1 என்று தோற்றது. தொண்ணூறு நிமிசமும் முடிந்து, சரி ஆளுக்கொரு கோல், இனி எங்கள் மைதானத்தில் திரும்ப ஆடலாம் என்று நான் மனதுக்குள் விடுமுறை கேட்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஒட்சமோபோர் என்ற அவர்களுடைய தடுப்பாட்டக்காரர் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குதிக்காலால் ஒரு தட்டுத் தட்டினார். பந்து எழும்பி, வளைந்து, எங்கள் கோலியைத் தாண்டி உள்ளே போய்விட்டது. "மாமா, அவர் வேணுமென்று அடிச்சவரா?" என்று மருமகன் கேட்டான். இன்றுவரைக்கும் என்னிடம் பதில் இல்லை.

சுற்றியிருந்த வெள்ளைக்காரர்கள் ஒரு நிமிசம் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் தட்டத் தொடங்கினார்கள். எனக்குக் கை எழும்பவில்லை.

முல்லைத்தீவுப் பக்கத்தில் எங்கள் ஊர் முள்ளியவளையில் இப்படி ஒரு கோல் விட்டிருந்தால் அந்தக் கோலி உழவு மெசின் பெட்டியில் ஏறியிருக்கவே முடியாது, நடந்துதான் வரவேணும். தொண்ணூறுகளில் மெசினும் இல்லை. சண்டைக்காலத் தடையால் வன்னிக்குள் டீசல் வராத காலம், மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயில் ஓடியது, விளையாடப் போவதென்றால் சைக்கிள்தான். கரைப்பக்கம் போட்டி என்றால் போகும்போதே பயம். கடற்கரை மணலில் ஓடிப் பழகின பெடியள், புல்லில் விட்டால் பிடிக்க ஏலாது. வாங்கிக் கட்டிக்கொண்டு இருட்டில் திரும்பி வருவோம், ஒருவரும் வாய் திறக்க மாட்டோம், தண்ணீரூற்று தாண்டினதும் யாராவது ஒருவன் றெஃப்றியின் பரம்பரையை இழுப்பான், அவ்வளவுதான், வீடு வரைக்கும் ஒரே திருவிழா. அந்தக் கோபம் எவ்வளவு சுகம் என்பது, கைதட்டுகிறவர்களுக்கு நடுவில் குளிரில் விறைத்துக்கொண்டு நின்றபோதுதான் விளங்கியது.

சும்மா ஒரு தோல்வி என்றால் நானும் மறந்திருப்பேன். பழைய விம்பிள்டன் 1988இல் லிவர்பூலை வென்று இதே கிண்ணத்தைத் தூக்கின கழகம். 1991இல் பிளவ் லேன் மைதானத்தை விட்டு இன்னொருவர் மைதானத்தில் வாடகைக்குப் போனார்கள். 2002இல், கழகத்தை எண்பது கிலோமீட்டருக்கு அங்கால் மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோகலாம் என்று அனுமதியும் கிடைத்துவிட்டது. ஊர்ச்சனம் போகவில்லை. அதே வருசம் தாங்களே ஒரு கழகம் தொடங்கி, விம்பிள்டன் பொதுவெளியில் ஆட்களைத் தெரிவுசெய்து, அடிமட்ட லீக்கிலிருந்து ஏறி ஏறி 2011இல் நான்காம் நிலைக்கு வந்துவிட்டார்கள். மில்டன் கீன்ஸுக்குப் போன கழகம் எம்.கே. டொன்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. இரண்டும் முதன்முதல் மோதினதுதான் அந்த ஞாயிறு.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு ஐயா. அவர் வரவில்லை. அந்த மைதானத்துக்குள் காலடி வைக்கமாட்டேன், தொலைக்காட்சியிலும் பார்க்கமாட்டேன் என்று ஒரே பிடி. கால்பந்துக்கு இவ்வளவு வைராக்கியமா என்று தமக்கைக்குச் சிரிப்பு. எனக்கு வரவில்லை. அந்த வருச செப்டம்பரில்தான், போரில் இடம்பெயர்ந்த எங்கள் சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமை மூடினார்கள். கடைசியாக இருந்த, எங்கள் பக்கத்துக் கேப்பாப்பிலவுக் கிராமத்துச் சனத்தைச் சொந்தக் காணிக்கு விடாமல், அங்கே ஆமி இருக்கிறதென்று சீனியாமோட்டையில் கொண்டுபோய் இறக்கினார்கள். எங்களுக்குச் சனம் போய்விட்டது, காணி அங்கேயே கிடந்தது. ஐயாவுக்குக் கழகம் போய்விட்டது, சனம் அங்கேயே நின்றது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது, தெரியும். ஆனாலும் அவர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது எனக்கு விளங்கியது.

தமக்கை கட்டித் தந்த மட்டன் ரோல்ஸைப் பற்றியும் சொல்லவேணும். வாசலில் காவலாளி பெட்டியைத் திறந்து பார்த்து, மணந்து, மூடித் தந்தான். இடைவேளைக்குச் சற்று முன்னர் அவர்களுடைய கிளீசன் தூரத்திலிருந்து அடித்துக் கோலாக்க, கவலையில் நான் பெட்டியைத் திறந்தேன், முன்வரிசை முழுக்கக் கை நீட்டியது. பிறகு மிட்சன் பாய்ந்து தலையால் முட்டிச் சமப்படுத்தினபோது, உறைப்பில் மூக்கு ஒழுகின ஒரு பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். அந்த அரை மணித்தியாலத்துக்கு நான் இந்த ஊர்க்காரன்தான்.

இப்போது பழகிவிட்டது. 2014இல் அதே மைதானத்தில் 3-2 என்று வென்றதும், 2020இல் பிளவ் லேனுக்கே திரும்பி வந்ததும் பார்த்தாயிற்று. தோற்றாலும் கைதட்டுகிறேன், மெதுவாக.

அந்த ஞாயிறு இரவு முள்ளியவளைக்குப் போன் எடுத்து, பழைய கூட்டாளியிடம் தொடக்கத்திலிருந்து முழுக்கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அவங்கட கிரவுண்டுக்கு ஏன்ரா போனனீங்கள்? உங்கட இடத்துக்குக் கூப்பிட்டு அடிச்சிருக்கலாமே."

"அப்படி ஏலாதடா. சீட்டுக் குலுக்கித்தான் இடம் போடுறது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சீட்டுக் குலுக்கினது ஆர்?"