முதலில் சூடு, அப்புறம்தான் சாப்பாடு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மிருக கிளினிக்கில் உதவியாளராக எனக்கு இது பதினோராவது வருடம். ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி ரப்பர் பால்மரமாக இருந்தது. இப்போது பார்க்கும் பக்கமெல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. எங்களிடம் வருவது நாய், பூனை, எப்போதாவது ஆடு. கொஞ்ச வருடங்களாகப் பிள்ளைகள் ஷூ பெட்டியில் 'லண்டாக் மினி'யைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தமிழில் முள்ளெலி. தோட்டத்துப் பெரியவர்கள் இதை முள்ளம்பன்றிக் குட்டி என்றுதான் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் உறவே கிடையாது. ராத்திரியில் செம்பனைக் கன்றைக் கடித்துப் போடும் முள்ளம்பன்றி கொறிக்கிற இனம். இது பூச்சி தின்கிற இனம். இங்கே வீடுகளில் வளர்ப்பது ஆப்பிரிக்க வகை, உள்ளங்கையில் அடங்கிவிடும்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம், நல்ல மழை. ஷட்டரை இறக்கப் போகிற நேரத்தில் ஒரு பாட்டியும் இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டில் படிக்கிற பேரனும் நனைந்தபடி வந்து நின்றார்கள். பாட்டி கையில் பிஸ்கட் டின்.

"மூணு நாளா ஒண்ணும் திங்கலம்மா. பால் ஊத்திப் பார்த்தேன், வாயே திறக்கல. ஏதாச்சும் ஊசி போட்டுத் திங்க வெச்சிடு."

துணியை விலக்கி வயிற்றுக்கு அடியில் விரலை விட்டேன். சில்லென்று இருந்தது. நன்றாக இருக்கிற முள்ளெலி புது ஆள் தொட்டால் புஸ் புஸ் என்று சீறி, முகம் தெரியாத பந்தாகிவிடும். இது பாதி மூடிய கைபோல அரைகுறையாகச் சுருண்டிருந்தது. மூக்கும் ஒரு பின்னங்காலும் வெளியே கிடந்தன. மேலிருந்து பார்த்தால் உடம்பு உருண்டையாக இருக்க வேண்டும். இதற்கு விலாவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது. தராசில் வைத்தேன். 214 கிராம். வளர்ந்த முள்ளெலி சாதாரணமாக 300 கிராமுக்கு மேல் இருக்கும்.

"தம்பி, இது எங்கே தூங்குது?"

"என் ரூம்லதான் அக்கா. ராத்திரி ஏர்கோன் பதினெட்டுல ஓடும்."

விஷயம் அங்கேதான் இருந்தது. இந்தப் பிராணிக்கு 24 முதல் 30 டிகிரி வரை வேண்டும். அறை இருபதுக்குக் கீழே போனால், குளிர்காலம் வந்துவிட்டது என்று உடம்பு நினைத்து உறக்கத்துக்குள் இறங்கப் பார்க்கும். ஆனால் அந்த உறக்கத்தைத் தாங்கி எழுகிற உடம்பு இந்த ஆப்பிரிக்க வகைக்கு இல்லை. இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் ஒரு சின்ன உயிர் குளிரில் சாகக் கிடக்கிறது என்றால் யாருக்கும் நம்பத் தோன்றாது. எனக்கும் முதலில் தோன்றவில்லை.

பையன் போனை நீட்டினான். "450 கிராம் இல்லன்னா பிழைக்காதுன்னு போட்டிருக்கு அக்கா." கண் கலங்கியிருந்தது. அது இங்கிலாந்துக் காட்டு முள்ளெலிக்குச் சொன்ன கணக்கு. அங்கே இலையுதிர்காலக் கடைசியில் அந்த எடைகூட இல்லாத குட்டி குளிர்கால உறக்கத்தைத் தாண்டுவது கஷ்டம் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள். உங்களுடையது வேறு வகை, 450 வேண்டியதில்லை என்று சொன்னதும் அவனுக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் சொல்கிற வரிசை இங்கேயும் அப்படியே பொருந்தும். முதலில் சூடு, அடுத்து தண்ணீர், கடைசியில் சாப்பாடு.

நம் ஆட்களுக்கு இந்த வரிசைதான் கஷ்டம். மெலிந்த உயிரைப் பார்த்தால் நமக்குக் கை முதலில் பால் செம்புக்குத்தான் போகும். பாட்டி மேல் தப்பே இல்லை. நானும் அதைத்தான் செய்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு கிளினிக்கில், இதேபோல ஒன்று வந்தது. பசியில் கிடக்கிறதே என்ற பதைப்பில், உடம்பு சில்லென்று இருக்கும்போதே ஊசிக்குழாயில் கரைத்த சாப்பாட்டை ஊட்டினேன். குளிர்ந்த உடம்பில் குடல் ஓடாது, விழுங்கவும் தெம்பு இருக்காது. ஊட்டியது நுரையீரலுக்குப் போய்விட்டது. மூக்கில் நுரை கட்டியதை இன்னும் மறக்க முடியவில்லை. விடிவதற்குள் உயிர் போய்விட்டது. அதன் எடை 187 கிராம்.

பாலும் ஆகாது. முள்ளெலிக்கு அது செரிக்காது. வயிற்றோட்டம் கண்டு, இருக்கிற கொஞ்ச நீரும் உடம்பைவிட்டுப் போகும்.

அன்றைக்குக் கை பொறுக்கிற சூட்டில் போத்தலில் வெந்நீர் பிடித்து, துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கமாக வைத்தேன். சூடு அதிகமானால் அது நகர்ந்துகொள்ள மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். போத்தலை வைத்துவிட்டு மறந்துவிடவும் கூடாது. ஆறிப்போன போத்தல் உடம்புச் சூட்டையே உறிஞ்சிவிடும். வெந்நீரில் முக்குவது, தலைமுடி காயவைக்கிற மெஷினைக் காட்டுவது இதெல்லாம் வேண்டாம். மெல்ல மெல்லத்தான் சூடேற வேண்டும்.

முக்கால் மணி நேரம் மூன்று பேரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் மூக்கு நுனி ஈரமாகி அசைந்தது. அப்புறம் நெற்றி முட்கள் ஒரு வரிசையாகப் புருவம் நெரிப்பதுபோல முன்னால் சாய்ந்தன. வயிறு வெதுவெதுப்பாகிவிட்டது. டாக்டர் வந்து தோலுக்கு அடியில் இளஞ்சூடான சலைன் ஏற்றினார். அதற்கும் பிறகுதான் பூனைக்கான ஈர உணவைக் கொஞ்சம் மசித்துத் தட்டில் தடவி வைத்தோம். முகர்ந்தது. நக்கியது. பாட்டி தலைக்குமேல் கைகூப்பினார்.

குளிர் மட்டும் இப்படி மெலியவைக்காது என்று டாக்டர் வாய், பல், நகம் எல்லாம் பார்த்தார். உண்ணி இருந்தால் தோல் செதில் செதிலாக உதிரும், முள்ளும் கொட்டும். அது இல்லை. மூன்று வயது தாண்டினால் கட்டிகள் அதிகம் வரும். இதற்கு ஒரு வயதுதான். சூடேறிய பிறகும் பின்னங்கால் தள்ளாடினால் தீர்க்க முடியாத நரம்பு நோயாக இருக்கலாம். இது நேராகவே நடந்தது. கடைசியில் பையனே சொன்னான், கூண்டில் இன்னொன்று இருக்கிறதாம், ஒரே கிண்ணமாம். முள்ளெலி தனியாக வாழ்கிற பிராணி. பெரியது தின்று தீர்த்திருக்கிறது, இது பட்டினி கிடந்திருக்கிறது. ஆளுக்கொரு கூண்டு, ஏர்கோன் இல்லாத ஹால், தொட்டதும் சோப்புப் போட்டுக் கைகழுவுவது, வாரம் ஒருமுறை எடை. எழுதிக் கொடுத்து அனுப்பினோம்.

முறுக்கு மாவு நிறுக்கிற தராசிலேயே பாட்டி நிறுத்தார். காலண்டர் தாளின் பின்பக்கம் பேரன் குறித்தான். 231, 246, 244. இரண்டு கிராம் குறைந்த அன்று பாட்டி டின்னோடு ஓடிவந்துவிட்டார். நான் துணியை விலக்கப் போனேன்.

"வயிறு சூடாத்தாம்மா இருக்கு, தொட்டுப் பார்த்துட்டுதான் வந்தேன். ஆனா இது ஏன் குறைஞ்சிச்சு?"

காலையில் வெளிக்குப் போயிருக்கும் பாட்டி என்றேன். அவர் நம்பாமல் எங்கள் தராசிலும் ஒருமுறை நிறுக்கச் சொன்னார். நிறுத்தேன். 247.