நுரை செய்யும் பாக்டீரியா

பாத்திரம் கழுவும் திரவத்துக்கான நுரைப்பொருளை ஒரு பாக்டீரியா சுரக்கிறது என்றால் சட்டென்று நம்பமாட்டார்கள். சூடோமோனாஸ் ஏருஜினோசாவுக்குச் சர்க்கரையோ தாவர எண்ணெயோ கொடுத்தால் ராம்னோலிப்பிட் என்ற நுரைப்பொருளைத் தருகிறது. இது தண்ணீரின் பரப்பு இழுவிசையை 72-இலிருந்து ஏறத்தாழ 30 மில்லிநியூட்டன்/மீட்டருக்கு இறக்கிவிடும். மண்ணில் எளிதாக மட்கியும் போகும்.

ஆனால் இந்தப் பாக்டீரியா நோயாளிகளின் புண்ணிலும் நுரையீரலிலும் தொற்றக்கூடியது. அதனால் நுரைப்பொருளைச் செய்யும் அதன் மரபணுக்களை மட்டும் சாதுவான சூடோமோனாஸ் புட்டிடாவுக்கு மாற்றி வளர்க்கிறார்கள். அப்புறம் இன்னொரு கூத்து: பாக்டீரியாவை வளர்க்கும் நொதிகலனில் காற்றை ஊதினால் நுரை பொங்கி வெளியே வழியும். எதற்காக இதைச் செய்கிறோமோ, அதுவேதான் தொல்லை!

சரி, ஆய்வகத்தோடு நின்றுவிட்டதா? இல்லை. ஸ்லோவாக்கியாவில் எவோனிக் என்ற வேதிப்பொருள் நிறுவனம் 2024-இல் பெரிய ஆலையே திறந்துவிட்டது. விலைதான் இன்னும் பெட்ரோலியத்திலிருந்து செய்யும் நுரைப்பொருளோடு போட்டி போட முடியாமல் திணறுகிறது.