ஹ்யூபர்ட் சம்லினின் விரல்கள்

5 டிசம்பர் 2011, திங்கள்

கிடார் கலைஞர் ஹ்யூபர்ட் சம்லின் நேற்று அமெரிக்காவின் நியூஜெர்சியில் காலமானார். வயது 80. செய்தியைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. பாடகர் ஹவ்லின் வுல்ஃப் என்றால், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் கேட்கிறவர்களுக்குத் தெரியும். அந்தக் கரகரத்த பெருங்குரலுக்குப் பக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் கிடார் வாசித்தவரைக் கேட்டால் முழிப்பார்கள்.

6 டிசம்பர், செவ்வாய்

சம்லினே பலமுறை சொன்ன கதை. சிறுவன் என்பதால் வுல்ஃப் பாடுகிற இடத்துக்குள் விடமாட்டார்கள். கோகோ கோலா பெட்டிகளை அடுக்கி, மேலே ஏறி, ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். பெட்டிகள் சரிந்து நேராக மேடையிலேயே போய் விழுந்தார். வுல்ஃப் விரட்டவில்லை, நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அப்புறம் வீடு வரைக்கும் கூட்டிப்போய், பையனை அடிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டாராம். 1954 வாக்கில் அதே வுல்ஃப் அவரைச் சிகாகோவுக்கு அழைத்துக்கொண்டார்.

8 டிசம்பர், வியாழன்

ஆரம்பத்தில் சம்லின் வாசிப்பு பாட்டின் மேல் ஏறி மிதித்திருக்கிறது. பிக்கை (தந்தியை மீட்டும் சிறு வில்லையை)த் தூக்கிப் போட்டுவிட்டு வா என்று வுல்ஃப் வீட்டுக்கு அனுப்பினார். அன்றிலிருந்து வெறும் விரல்தான்.

ராத்திரி நானும் பிக்கை மேஜையில் வைத்துவிட்டு, 1964-ல் வந்த வுல்ஃபின் ‘கில்லிங் ஃப்ளோர்’ பாட்டின் தொடக்கத்தை வாசித்துப் பார்த்தேன். ஸ்வரங்கள் ஒரு மணி நேரத்தில் பிடிபட்டன. கட்டைவிரலால் தட்டினால் சத்தம் மழுங்குகிறது. ஆள்காட்டி விரலால் தந்தியைக் கொஞ்சம் இழுத்து விட்டால் ‘டப்’பென்று கட்டையில் அடித்துத் திரும்புகிறது. அந்த ‘டப்’புக்குள் சம்லின் லேசாக எட்டிப் பார்த்தார். ஆனால் வுல்ஃப் மூச்சு வாங்கும் இடத்தில் நுழைந்து, அடுத்த வரிக்கு வாய் திறப்பதற்குள் ஒதுங்கிவிடுகிறாரே, அதை எப்படிப் பழகுவது? 1967-ல் கலிஃபோர்னியாவின் மான்டரே இசைவிழாவில் ராக் கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தன் கச்சேரியைத் தொடங்கியது இந்தப் பாட்டோடுதான்.

12 டிசம்பர், திங்கள்

சம்லினின் இறுதிச் சடங்குச் செலவை ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ ராக் குழுவின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் ஏற்றிருக்கிறார்கள். படித்ததும் கண் கலங்கியது. 2004-ல் ஒரு நுரையீரலை எடுத்த பிறகும் மேடை ஏறினார். கிராமி இசை விருது, பரிந்துரையோடு சரி. சென்ற மாதம்தான் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை சிறந்த கிடார் கலைஞர்களில் 43-வது இடம் கொடுத்தது. எனக்கு அது போதவில்லை.

விரல் நுனி கொப்புளித்திருக்கிறது. ‘டப்’ வந்துவிட்டது. ஒதுங்குவதுதான் இன்னும் கைவரவில்லை.